பெரட்டுக்கு வந்த தீவு

ஜெயமேரியம்மாவின் காபித் தோட்டம் ஐப்பசி மழையில் சரிவைவிட்டு இறங்கி, வாத்தேரியின் நடுவில் மிதக்க ஆரம்பித்த அன்று ஏற்காடு கடைவீதியில் பீன்ஸ் கிலோ எண்பது ரூபாய். தோட்டம் அலுங்காமல்தான் போனது. சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக்கொடிகளும் நிமிர்ந்தே நின்றன. அடுப்பிலிருந்த பால்கூடத் தளும்பவில்லை. பள்ளி விடுதியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்ற ஜெயமேரியம்மா, ஜன்னலைத் திறந்து சுற்றிலும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "தீவுன்னா டூரிஸ்ட் வருவாங்க" என்றார். அந்த வாரமே ஓட்டு வீட்டின் அறைகளுக்கு வெள்ளையடித்தாயிற்று. தாலுகா ஆபீஸ் பக்கத்தில் பஜ்ஜிக்கடை போட்டிருந்த ரஹமத்துல்லா கூட்டுச் சேர்ந்து, பரிசலில் மெத்தைகளை அனுப்பினார்.

அந்த அரை ஏக்கர் ஒரு காலத்தில் பெரிய எஸ்டேட்டின் பெரட்டுக்களம். விடியற்காலையில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டினால் ஆட்கள் வந்து வரிசையில் நிற்க, ரைட்டர் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய இடம். நூறு வருஷம் கேட்டுக் கேட்டு மண்ணுக்கே பழக்கம் ஊறிவிட்டது. விடிகிற நேரத்தில் கரையில் இரும்பைத் தட்டினால் தீவு வந்து ஒட்டி நிற்கும். பேர் கூப்பிட்டு முடிந்ததும் நடு ஏரிக்கு வேலைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை என்ன தட்டினாலும் அசையாது. லீவு.

அறைகளை வாடகைக்கு விட லைசென்ஸ் வாங்கக் கிளம்பியபோதுதான் கூத்து. பஞ்சாயத்தில் பட்டா கேட்டார்கள். பட்டாப்படி நிலம் சரிவில் இருக்க வேண்டும்; அங்கே இப்போது பள்ளம். பள்ளத்துக்கு வேண்டுமானால் உடனே தருகிறோம் என்றார்கள். தீயணைப்பு ஆபீஸில், சுற்றிலும் ஏரி இருந்தாலும் வாளியில் மணல் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள், வைத்தார். நகர்கிறதே, நம்பர் பிளேட் எங்கே என்றது இன்னொரு ஆபீஸ். ஆரஞ்சு மரத்தில் மாட்டினார். இந்த நடையில் எத்தனையோ ஜோடி செருப்பு தேய்ந்தது. கடைசி ஜோடி வழி பழகிப்போய், காலில்லாமலே கிளம்பிப் போய் ஆபீஸ் வாசலில் காத்துக்கிடந்தது.

சர்வேயர் சென்றாயன் சங்கிலியோடு வந்தார். ஒரு முனையைப் பிடித்தபோது கிழக்கே இருந்த பாறை, மறுமுனைக்கு ஓடுவதற்குள் மேற்கே போயிருந்தது.

"ஏனுங்க மேட்ரனம்மா, நாலு எல்லை எழுதாம எப்படிங்க ஸ்கெட்ச் போடறது? உங்க ஊட்டைச் செத்த நிக்கச் சொல்லுங்க."

"வேலை நேரத்துல அது நிக்காது சாமி. நொம்ப வருசத்துப் பழக்கம்."

"கவர்மென்டே வந்து நிக்குதுங்க!"

"கவர்மென்ட் விடிகாலைல வந்திருக்கோணும் கண்ணு. டிபன் முடிச்சுட்டு வந்தா பெரட்டு இருக்குமா?"

அதற்குள் ஏரியைக் கவனிக்கும் இலாகாவிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. நீர்நிலை ஆக்கிரமிப்பு, தாசில்தார் முன் விசாரணைக்கு நேரில் வராவிட்டால் தீவு வெட்டி அப்புறப்படுத்தப்படும். ஜெயமேரியம்மாவுக்கு வேறு நிலமும் கிடையாது, வேறு வீடும் கிடையாது.

விசாரணை நாளன்று இறங்கிய பனிமூட்டத்தில் தட்டு வைத்தால் நின்றது. காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு அதன் மேல் நடந்து போயின. பஸ் ஓடவில்லை. கரை தேடிப் போன பரிசல், வழி தெரியாமல் தீவுக்கே திரும்பி வந்தது. ஜெயமேரியம்மா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஜெபமாலை உருட்டினார். அங்கே தாலுகா ஆபீஸில், மனு கொடுக்க வந்தவர்கள் சுவரில் முட்டிக்கொள்வதைப் பார்த்த தாசில்தாரம்மா, சத்தம் கேட்டாவது வரட்டும் என்று வாசலில் இரும்பைத் தட்டச் சொல்லி, தானே பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

பத்து மணிக்கும் விடியாத காலை. இரும்புச் சத்தம். பேர் கூப்பிடும் குரல். தீவுக்கு வேறென்ன வேண்டும்? தண்ணீரைவிட்டுப் பனியின் மேல் ஏறி, காபிச்செடிகளின் தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு வந்து, ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றது.

"ஜெயமேரி!"

"இருக்கேனுங்க!" என்று ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

சென்றாயன் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "மேடம், பேரை நிறுத்திப்போடாதீங்க! நிறுத்துனா போயிருமுங்க!" தாசில்தாரம்மா மனுதாரர்களைக் கூப்பிட்டு முடித்தார், பிறகு ஆபீஸ் ஆட்களை, பிறகு தன் சொந்தக்காரர்களை, சண்டைபோட்டுப் பேசாதவர்கள் உட்பட. அதற்குள் அளந்தாயிற்று. வடக்கே ஆபீஸ் சுவர், தெற்கே கொடிக்கம்பம், கிழக்கே ஜெராக்ஸ் கடை, மேற்கே ரஹமத்துல்லாவின் பஜ்ஜிக்கடை. விசாரணைக்கு வந்திருந்த ஏரி இலாகா இன்ஜினீயர் ஏரிக்குப் போன் போட்டார். அங்கே எந்த ஆக்கிரமிப்பும் இல்லை என்று காவல்காரர் சத்தியம் செய்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாசில்தாரம்மாவின் கடைசிச் சித்தப்பா பேரும் முடிந்தது. தீவு புது பட்டாவோடு ஏரிக்குத் திரும்பியது. லைசென்ஸ் தானாக வந்தது.

இப்போது அறை கிடைப்பது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை இறங்க முடியாது என்பதைச் சென்னைக்காரர்கள்கூட முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருகிறார்கள். எல்லை அங்கே எழுதியிருப்பதால், வருஷா வருஷம் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியன்று பனி இறங்கும், ஆபீஸ் வாசலில் இரும்பைத் தட்டுவார்கள். தீவு ஆபீஸுக்குப் போய் நின்று, பேர் கொடுத்துவிட்டுத் திரும்பும். தூங்கி எழுந்த விருந்தாளிகள் போர்வையோடு ஜன்னலில் கை நீட்ட, ரஹமத்துல்லா தட்டை நீட்டுவார். போன ஜமாபந்திக்கு வாழைக்காய் பஜ்ஜி பத்து ரூபாய். சட்னி தனி.