அண்ணி ருசி பார்த்த பிஸ்கட்

சாப்பிட முடியாதவனுக்குச் சாப்பிடுகிற மருந்தைக் கொடுத்தால் அவன் என்னதான் செய்வான்? டாக்டரிடம் இப்படிக் கேட்டது நான்தான். அண்ணன் சிரித்தான். அண்ணி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

அண்ணனுக்குக் குடலில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி வழியாக மருந்து ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டு வந்தால் சமையல் வாசனைக்கே அவனுக்குக் குமட்டும். ஜன்னல்களுக்குக் கண்ணாடி அறுத்துப் பொருத்துவது அவன் தொழில். ஆளுயரக் கண்ணாடியை ஒற்றை ஆளாகத் தூக்கினவன், இப்போது போர்வையை இழுத்து மூடவே யோசித்தான். எடை இன்னும் இறங்கினால் அடுத்த முறை மருந்து ஏற்ற முடியாது, தள்ளிப்போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று கேட்கும் தைரியம் எனக்குக்கூட வரவில்லை. எப்படியாவது அவன் நாலு வாய் சாப்பிட்டாக வேண்டும்.

வாந்தியை நிறுத்த எழுதிக் கொடுத்த மாத்திரை எதுவும் கேட்காததால்தான் டாக்டர் கஞ்சாவுக்கு வந்தார். நாங்கள் இருக்கும் நாட்டில் சட்டப்படி, சீட்டு எழுதி, மருந்துக்கடையில் வெள்ளை டப்பாவில் வாங்குகிற கஞ்சா. புகைத்தால் சட்டென்று ஏறும், சீக்கிரம் இறங்கும், ஆனால் நெஞ்சுக்கு நல்லதில்லை. வெண்ணெயில் காய்ச்சி பிஸ்கட் மாதிரி எதிலாவது சேர்த்துச் சாப்பிட்டால் மெதுவாக ஏறும், நெடுநேரம் நிற்கும். எது தோது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள், சாப்பிடுவதென்றால் பாதி பிஸ்கட்டுக்கு மேல் வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் பேசி எதையும் முடிவு செய்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது.

சாப்பிடுவதுதான் என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்றாள். அதற்குக் காரணம் இருந்தது. அண்ணன் ஒரு காலத்தில் விடாமல் சிகரெட் பிடித்தவன். விரல் சுடும் வரை கீழே போட மாட்டான். இப்போது வெளியூரில் படிக்கிற மகள் பிறந்த வருஷம் அண்ணி தொடுத்த போர் ஒரு வருஷம் நடந்தது. தீப்பெட்டியை ஒளித்தாள், திட்டினாள், பேசாமல் இருந்தாள், கடைசியில் அழுதாள். அதற்குத்தான் அவன் மசிந்தான். எந்தப் பெயரில் புகை வந்தாலும் அது சிகரெட்டுக்கு வழிகாட்டும், அவனுக்கு நடுவில் நிறுத்தத் தெரியாது என்பது அவள் கட்சி.

நான் புகைக் கட்சி. வாலிபத்தில் கூட்டாளிகளோடு சில தடவை இழுத்திருக்கிறேன். அந்த வீட்டில் அவ்வளவு போதும், நான்தான் நிபுணர். கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும், தெரியவில்லை என்றால் சரக்கு மோசம் என்று அடித்துச் சொன்னேன். லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது என்று அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை அவள் பிஸ்கட் சுட்டாள். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைப்பவள் அவள். தன் நாக்கைத் தாண்டாமல் எதையும் அடுத்தவர் தட்டுக்கு அனுப்ப மாட்டாள். வெண்ணெயைத் தொட்டு நக்கினாள், மாவைக் கிள்ளிப் போட்டாள், முதலில் வெந்த பிஸ்கட்டை உடைத்து வேக்காடு பார்த்தாள். ருசி பார்ப்பதைச் சாப்பிடுவதாக அவள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இது மருந்தாயிற்றே என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். ருசி பார்க்காமல் நோயாளிக்கு எதைக் கொடுப்பது என்று திருப்பிக் கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அண்ணன் பாதி பிஸ்கட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினான். கொஞ்ச நேரத்தில் குளியலறைக்கு ஓடினான். உள்ளே போன பாதியும் வெளியே வந்துவிட்டது. அண்ணி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அவன் எழுந்து வரும்வரை காத்திருந்தாள். பிறகு நேரே சமையலறைக்குப் போய் ஒரு முழு பிஸ்கட்டை எடுத்து மென்றாள். எது குமட்டுகிறது, வெண்ணெயா இலையா என்று கண்டுபிடித்தாக வேண்டுமாம். இலைதான் என்று சந்தேகப்பட்டு, அதை உறுதி செய்ய இன்னொன்றையும் தின்றாள்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவளை வேடிக்கை பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அவளுக்குப் போதை ஏறுவதைப் பார்க்க எனக்கு ஆசையாகவே இருந்தது. கால் மணி போனது, அரை மணியும் போனது. அண்ணி பாத்திரம் கழுவினாள், துணி காயப்போட்டாள், அடுத்த வீட்டுக்காரியைக் குறை சொன்னாள். எப்போதும் போலத்தான் இருந்தாள். சரக்கு மோசம், மருந்துக்கடைக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நான் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அதன் முன்னால் அசையாமல் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது எவ்வளவு நேரமாக விழுகிறது என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதற்குச் சிரிக்க ஆரம்பித்தாள். அண்ணி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் மாறியது. நெஞ்சில் கை வைத்து, இது இவ்வளவு வேகமாக அடிக்குமா என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த கணக்குப்படி அது கொஞ்ச நேரத்தில் இறங்க வேண்டும். இறங்கவில்லை, மேலும் ஏறியது. மருந்துக்கடைக்குப் போன் போட்டேன். போனை எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள். புகை நெஞ்சிலிருந்து நேரே ரத்தத்தில் கலந்துவிடும், அதனால் அப்போதே தெரியும். தின்றது வயிற்றில் கரைந்து கல்லீரல் வழியாகப் போக வேண்டும், அங்கே அது இன்னும் வீரியமான வேறொன்றாக மாறும். பொழுது சாயும் வரைகூட இருக்கும், படுக்க வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், தனியாக விடாதீர்கள், நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றாள். அதே இலை கல்லீரலில் ஏன் வேறொன்றாக மாறுகிறது என்று நான் விவரம் கேட்கத் தொடங்கினேன். அண்ணன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்தான்.

அப்போதுதான் கவனித்தேன், அவன் எழுந்து நின்றிருந்தான். வாரக்கணக்காகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன், தன் படுக்கையில் அவளைப் படுக்க வைத்து, ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்தான்.

"என்னங்க, இதை நிறுத்துங்க. எனக்கு இறங்கணும்," என்றாள் அண்ணி.

"நிறுத்த முடியாதும்மா. உள்ள போயாச்சு. அதுவா இறங்குற வரைக்கும் காத்திருக்கணும்."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்கால வெயில் கட்டில் வரை வந்திருந்தது.

"ஆஸ்பத்திரில அந்த மருந்தை ஏத்தும்போது உங்களுக்கு இப்படித்தான் இருக்குமா?"

அண்ணனிடம் இதைக் கேட்டால் ஒன்றுமில்லை, லேசான களைப்பு என்பதுதான் இத்தனை நாளும் எங்களுக்குக் கிடைத்த பதில்.

"இதைவிட மோசமா இருக்கும்," என்றான்.

அண்ணி அழுதாள். போதையில் அழுதாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை கண் விழித்ததும் அவள் பிஸ்கட்டையெல்லாம் அள்ளிக் குப்பையில் கொட்டினாள். எது மேல் என்று நானே யோசித்து வைத்திருந்த விளக்கத்தை அவளிடம் சொன்னேன். புகை படிக்கட்டு மாதிரி, எந்தப் படியிலும் நின்றுவிடலாம். தின்பது லிஃப்ட் மாதிரி, கதவு மூடிவிட்டால் அது நிற்கிற இடத்தில்தான் இறங்க முடியும். உன்னைப் போய் நிபுணர் என்று நம்பினேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மறுக்கவில்லை.

டப்பாவில் மிச்சமிருந்ததை அவளே எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்தாள். மூன்று பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்தோம். நான் சுருட்டிக் கொடுத்தேன். அண்ணன் ஒரு இழுப்பு இழுத்து இருமினான். இரண்டாவது இழுப்புக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டான். அண்ணி அவன் விரல்களையே பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன். நிறுத்துவானா மாட்டானா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மூன்றாவதை இழுத்துவிட்டு, பாதி எரிந்ததைப் படியில் தேய்த்து அணைத்தான். எங்களைப் பார்க்காமல், முட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.

அண்ணி பொரித்துக் கொண்டுவந்தாள். அவன் ரொட்டியோடு சேர்த்து மெதுவாகத் தின்றான். அது உள்ளேயே தங்கியது. தட்டு பாதி காலியானதும் அவன் பார்வை படியில் கிடந்த மிச்சத் துண்டுக்குப் போய்த் திரும்பியது. அண்ணியும் அதைப் பார்த்துவிட்டாள்.

"வைத்தியம் முடிஞ்சதும் இதை விட்டுடுவீங்களா?"

"தெரியலை. பொய் சொல்ல விரும்பலை."

நான் சண்டைக்குத் தயாரானேன். அண்ணி அந்தத் துண்டை எடுத்துத் துடைத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

"சரி, பொழைச்சு எழுந்து வாங்க. விட வைக்கிறதை நான் பார்த்துக்கறேன்," என்றாள். "இன்னும் ஒரு வருஷம் சண்டை போட எனக்குத் தெம்பு இருக்கு. நீங்க இருந்தாப் போதும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மீதி ரொட்டியையும் தின்று முடித்தான்.