வெளியாட்களுக்கு இரண்டு இடம்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சிட்னியின் செவன் ஹில்ஸில், காரைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அறையில். உண்மையில் நான் அன்று வேறொரு கதையை யோசித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பல் வைத்தியர் இருந்தார். அவர் வாழ்க்கையில் நடப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் தொலைபேசியில் யாருக்கோ சொன்னாள்: "ஆளையும் மாத்தியாச்சு, வீட்டையும் மாத்தியாச்சு. தாய்மனுசிய மட்டும் மாத்த ஏலாமப் போச்சு."

பல் வைத்தியரை அங்கேயே விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயர் பரீனா. கல்முனைக்காரி. சிட்னியின் மேற்கில் ஒரு பெண்கள் கூடைப்பந்துக் கிளப்பில் வேலை. எந்த வீராங்கனை எந்த விதியின் கீழ் ஆடலாம் என்று பார்ப்பதுதான் அவள் தொழில். கிளப்புக்குப் பெலிக்கன்ஸ் என்று பெயர் வைக்கிறேன். மெல்பேர்ன் கிளப் ஒன்றும் வரும். அதற்குப் பெயர் இன்னும் அகப்படவில்லை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: லீக்கும் அதன் விதிகளும் நான் கட்டியவை. உண்மையான எந்த லீக்கின் புத்தகத்தையும் புரட்டிக்கொண்டு என்னைத் திருத்த வரவேண்டாம்.)

2.

"மயூரா பந்தைத் தரையில் தட்டினாள்."

விளையாட்டுக் கதைகள் எல்லாம் பந்து தட்டித்தான் தொடங்குகின்றன. வேண்டாம்.

"படகில் வந்தபோது மயூராவுக்கு வயது"

இதையும் பாதியில் நிறுத்திவிட்டேன். படகில் தொடங்கினால் கதை கடலைவிட்டு வெளியே வராது. மயூரா பெலிக்கன்ஸின் வீராங்கனை, சின்னப்பிள்ளையாகத் தாயோடு இலங்கையிலிருந்து படகில் வந்தவள். அதை இவ்வளவோடு வைத்துக்கொள்வோம்.

2. (மறுபடியும்)

செவன் ஹில்ஸில் அவள் பந்து பழகிய மண்டபத்தின் தரை முழுக்கக் கோடுகள். கூடைப்பந்துக்குக் கறுப்பு, வலைப்பந்துக்குச் சிவப்பு, பூப்பந்துக்குப் பச்சை, வேறு ஏதோ ஒன்றுக்கு மஞ்சள். புதிதாக வருபவருக்குத் தலை சுற்றும். பழகியவர்களுக்குத் தங்கள் விளையாட்டின் கோடு மட்டும்தான் தெரியும். மற்றவை தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல மங்கிவிடும். மயூராவுக்கு மட்டும் அங்கே இருந்தவரை எல்லாக் கோடுகளும் தெரிந்தன. எதைத் தாண்டினால் விசில் ஊதுவார்கள் என்ற யோசனை அவளுக்கு எப்போதும் இருந்தது.

இந்தப் பந்தியை வைத்துக்கொள்கிறேன்.

இனி விதி. ஒவ்வொரு அணியிலும் வெளிநாட்டு வீராங்கனைகளுக்கு இரண்டே இடம். நிரந்தர விசாவோ குடியுரிமையோ இல்லாதவர் எல்லோரும் வெளியாள். மயூரா இங்கேதான் வளர்ந்தாள், இங்கேதான் படித்தாள், 'த' சொன்னால் அதில் கொஞ்சம் மேற்குச் சிட்னி ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவளும் தாய் யோகராணியும் இத்தனை வருடமும் தற்காலிக விசாவில் இருந்தார்கள். ஆகவே விதியின் கண்ணில் அவளும் அமெரிக்காவிலிருந்து நேற்று விமானத்தில் இறங்கியவளும் ஒன்று.

3.

பயிற்சி முடிந்ததும் பரீனா அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தினாள்.

"உன்னைப் போகச் சொல்லி ஆரும் சொல்லல்ல. உன்னட்டக் கேக்கச் சொல்லிரிக்காங்க."

"என்ன வித்தியாசம் அக்கா?"

"ஓம் எண்டா மெல்பேர்ன். இல்ல எண்டா கிளப் உன்ட ஒப்பந்தத்த முடிச்சிரும். அமெரிக்காவில இருந்து உயரமான பிள்ளை ஒண்டு வருது. வெளியாள் இடம் ரெண்டுதான் இரிக்கி, மத்ததுல வேற ஆள் இரிக்கி."

"நான் இந்த ஹோலிலதான் பந்து பிடிக்கப் பழகினனான்."

"எனக்குத் தெரியும். விதிக்குத் தெரியாது."

மெல்பேர்ன் அணியின் வெளிநாட்டு வீராங்கனை ஒருத்தி முழங்கால் உடைந்து ஊர் போய்விட்டாள். அந்த வெறும் இடத்துக்கு மயூராவைக் கேட்கிறார்கள். பதிலுக்கு மோனிகா என்ற உள்ளூர்க்காரியைத் தருகிறார்கள். இரண்டு பேருக்கும் கிளப் வீடுதான் என்பதால் வீட்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

யோசித்துச் சொல்லட்டுமா என்று மயூரா ஆங்கிலத்தில் கேட்டாள். கஷ்டமானவற்றை அவள் ஆங்கிலத்தில்தான் கேட்பாள். அந்த மொழியில் பேசும்போது அவளுக்கு முகம் மாறாது.

வீட்டில் யோகராணி வேலை உடுப்போடு குசினியில் நின்றாள். தொழிற்பேட்டையில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டும் வேலை அவளுக்கு; நடந்து போய் வரும் தூரம்.

"எங்களை எத்தினை முகாம் மாத்தினவங்கள், ஒருக்கா எண்டாலும் கேட்டவங்களே? இவங்கள் கேக்கிறாங்கள். போட்டு வா."

"நீங்கள்?"

"நான் இஞ்ச நிக்கிறன். அந்தப் பிள்ளை வந்து உன்ர அறையில படுக்கட்டும். அறை சும்மாதானே கிடக்கும்."

மயூரா ஓம் என்றாள்.

4.

மெல்பேர்னின் மல்கிரேவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குப் பனிமூட்டம்தான் வருகிறது. அங்கே எப்போதும் பனி இல்லை, தெரியும். ஆனால் மயூராவின் முதல் கிழமைகளில் இருந்தது. அலுவலகக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக் குளங்கள், அவற்றில் வாத்துகள். காலையில் ஓடப்போனால் கட்டடம் முதலில் குளத்தில் தெரியும், பிறகுதான் நிலத்தில் தெரியும்.

மோனிகாவின் வீடு உயரமான ஒருத்திக்காக அமைந்த வீடு. தேத்தண்ணிக் கோப்பைகள் எட்டாத தட்டில் இருந்தன. குளியலறைக் கண்ணாடியில் மயூராவுக்குத் தன் நெற்றியும் தலைமயிரும் மட்டும் தெரிந்தன. முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எம்பிக் குதிக்க வேண்டும். சில நாள் குதித்தாள். பிறகு முகம் இல்லாமலே பழகிக்கொண்டாள்.

அந்த வீட்டில் அவளுக்கு வந்த கனவுகளும் தன்னுடையவை அல்ல என்று அவளுக்கு இருந்தது. கனவில் அவள் மிக உயரமாக இருந்தாள். கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே குளம் இருந்தது, வாத்துகள் இருந்தன. கனவின் தரையில் கோடே இல்லை.

[இங்கே கனவை இன்னும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதில் கடல் வந்தது. வரவேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன், எடுத்துவிட்டேன்.]

ஆனால் விழித்திருக்கும்போது நடந்தது கனவைவிட விசித்திரம். அவள் நன்றாக ஆடத் தொடங்கினாள். சிட்னியில் பந்து கைக்கு வந்ததும் யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுவாள். இங்கே பந்து கையில் கொஞ்ச நேரம் தங்கியது. முதல் நாளே பயிற்சியாளர் அவளிடம் சாதாரணமாக ஒன்று சொல்லியிருந்தார்: எங்களிடம் வெளியாட்களுக்கு ஒரேயொரு இடம்தான் மிச்சம் இருந்தது, அதை உனக்குச் செலவழித்திருக்கிறோம், ஆகவே எறி.

அவள் எறிந்தாள். பந்து நித்திரையில் நடப்பவரைப்போல, அவசரமில்லாமல், போகவேண்டிய இடத்துக்குப் போய் விழுந்தது.

5.

ஒரு ஞாயிறு மத்தியானம் தாய் வீடியோ அழைப்பில் எடுத்தாள். மேசையில் இடியப்பம், சொதி. எதிரே மோனிகா, கையால் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பார், எவ்வளவு வடிவாச் சாப்பிடுறாள். நீ ஒருநாள் எண்டாலும் இப்பிடிச் சாப்பிட்டனியோ?"

"சாப்பிட்டனான் அம்மா."

"போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டனி."

மோனிகா கையை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள். மெல்பேர்னை விட்டுப்போக வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனவள் அவள். மல்கிரேவ் வீட்டில் அவளோடு இருந்த ஒருவன் பிரிந்து போயிருந்தான். அந்த வெறுமையில்தான் இப்போது மயூரா படுத்து எழும்பினாள்.

தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். தன் கதிரையில் இன்னொருத்தி. தன் அம்மாவிடம் இன்னொருத்தி. தன் வீட்டிலேயே தான் வெளியாள் கணக்கில் போய்விட்டதாக இருந்தது.

மோனிகாவைக் கொஞ்சம் கெட்டவளாக எழுதினால் இந்த இடம் சுலபமாக இருந்திருக்கும். முயன்றேன். அவள் ஒத்துழைக்கவில்லை.

6.

இதுவரை எழுதியதைப் பரீனாவிடம் காட்டினேன். நார்த்மீட்டில் என் வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டு வாசித்தாள்.

"நான் விதிக்குத் தெரியாது எண்டு சொல்லல்ல. அது நீங்க வெச்ச வசனம்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒண்டும் சொல்லல்ல. அந்தப் பிள்ளைட கையப் புடிச்சன். அவள் கைய இழுத்துக்கிட்டாள்."

என்னுடைய வசனத்தைவிட இது நல்லது. ஆனால் வசனத்தை எடுக்கவில்லை. நீங்கள் ஏற்கெனவே வாசித்துவிட்டீர்கள். கையையும் இங்கே வைக்கிறேன். இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இனி விசா வருமே," என்றாள் பரீனா. "அத வடிவா எழுதுங்க. அது பொய் இல்ல."

7.

விசா வந்தபோது மயூரா சுப்பர்மார்க்கெட்டில் உறைந்த பட்டாணிப் பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, வந்திட்டுது," என்றாள் யோகராணி.

"என்னம்மா?"

"லோயர் எடுத்தவர். ரெண்டு பேருக்கும். நிரந்தரமாம்."

அந்தப் பக்கத்தில் யாரோ அழுவது கேட்டது.

"அம்மா, அழாதேங்கோ."

"நான் அழேல்லை. எனக்கு வருகுதில்லை. மோனிகாதான் இருந்து அழுறாள்."

மயூரா பட்டாணிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி தரையில் உட்கார்ந்தாள். குளிர்ப்பெட்டிகள் ஒரே சுருதியில் முனகின. ஆட்கள் அவளைச் சுற்றித் தள்ளுவண்டிகளை மெல்லத் திருப்பிக்கொண்டு போனார்கள். யாரும் அவளை எழும்பச் சொல்லவில்லை. பட்டாணி கரைந்து சட்டை நனைந்தது. எவ்வளவு நேரம் இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் பரீனா தொலைபேசி எடுத்தாள்.

"பெலிக்கன்ஸ் உன்னத் திரும்பக் கேக்குது. இப்ப நீ உள்ளூர். உன்னால ஒரு இடமும் செலவில்ல. மாத்தின ஆளுக்கு மனம் மாற அவகாசம் இரிக்கி. வெள்ளிக்கிழம வரைக்கும்."

(அப்படி ஒரு அவகாசம் எந்த லீக்கிலும் இல்லை என்று பரீனா சொல்கிறாள். கதைக்குத் தேவைப்பட்டது, கொடுத்தேன். மனிதருக்கும் கொடுத்திருக்கலாம்.)

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள் அக்கா?"

"நான் வேலைக்குச் சொல்றது வேற."

"வேலை இல்லாமல்?"

"உன்ட உம்மாட்ட கேளு," என்றாள் பரீனா.

மயூரா தாயிடம் கேட்டாள். தான் வருவதென்றால் மோனிகா திரும்பிப் போகவேண்டும் என்பதையும் சொன்னாள்.

"எனக்காக வராதை," என்றாள் யோகராணி. "மெல்பேர்னுக்கு வா எண்டும் கேளாதை. இனி எங்கையும் போகலாமாம். அப்ப நான் எங்கையும் போகாமல் இருக்கப் போறன். நீ உனக்கு எங்கை ஆட விருப்பமோ அங்கை ஆடு."

இந்த இடத்தில் கதை என்னிடமிருந்து கையை இழுத்துக்கொண்டது. ஒரு வடிவில் மயூரா சிட்னிக்குத் திரும்பினாள். தாயும் மகளும் இடியப்பம் சாப்பிட்டார்கள். மோனிகா மல்கிரேவில் எல்லாம் சரியான உயரத்தில் இருக்கும் வீட்டில் தனியே நின்றாள். எனக்கு அந்த வீட்டைப் பார்க்க முடியவில்லை. இன்னொரு வடிவில் யோகராணி பெட்டி கட்டிக்கொண்டு மெல்பேர்னுக்குப் போனாள். அதை எழுதும்போதே அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமைக்கு முன்பே மயூரா பரீனாவுக்கு எடுத்து, தான் வரவில்லை என்றாள். தமிழில் சொன்னாள். குரல் நடுங்கியது.

"ஏன் எண்டு எழுதவா?"

"இப்ப என்னை ஆரும் சும்மா எடுக்கலாம் அக்கா. மெல்பேர்ன் ஆக்கள் எனக்காக ஒரு இடத்தைச் செலவழிச்சவை."

8.

முடிவு ஒன்றும் என்னிடம் இல்லை. ஒரு மாலைதான் இருக்கிறது.

மெல்பேர்ன் அணி பெலிக்கன்ஸோடு ஆட சிட்னிக்கு வந்தது. மண்டபம் இன்னும் பாதி நிரம்பவில்லை. மேல் வரிசையில் யோகராணி, பெலிக்கன்ஸின் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாள். முதுகில் மோனிகாவின் இலக்கம். மயூராவைக் கண்டதும் சட்டையைப் பிடித்துக் காட்டி, என்ன செய்ய, இவள்தானே உள்ளே வர ரிக்கற் தந்தவள் என்பதுபோலத் தோளைக் குலுக்கினாள். மயூராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே உடல் சூடாக்க ஓடினாள். அன்று அந்தத் தரையில் என்னென்ன கோடுகள் இருந்தன என்று பிறகு கேட்டேன். கவனிக்கவில்லை என்றாள்.

அப்போது ஒலிபெருக்கியில் பெயர் அறிவிப்பவர் அவளிடம் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்யும்போது ஊரின் பெயரையும் சொல்வது இந்த லீக்கின் வழக்கம். வெளியாளுக்கு நாடு, உள்ளூர்க்காரிக்கு அவளுடைய புறநகர். முன்பெல்லாம் அவளிடம் கேட்டதில்லை. ஸ்ரீலங்கா என்று சொல்லிவிடுவார்கள். இப்போது அவர் கேட்டார்.

"எந்த ஊர் என்று சொல்லட்டும்?"

செவன் ஹில்ஸ் என்று எழுதிப் பார்த்தேன். அது இப்போது எதிரணியின் ஊர், கூட்டம் குழம்பும். மல்கிரேவ் என்று எழுதினேன். அங்கே அவளுக்கு இன்னும் கண்ணாடியில் முகம் தெரியாது. ஸ்ரீலங்கா என்ற பழைய பெயரையே சொல்லலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை, அங்கேதான் பிறந்தாள். ஆனால் அன்று அவள் அதைச் சொன்னால் யோகராணி மேல் வரிசையில் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பரீனாவிடம் கேட்கப் போனேன். அவளுக்குத் தெரியும், அவள் அங்கே இருந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் வேண்டாம் என்றேன்.

அறிமுகத்துக்காக விளக்குகள் அணைந்தன. இருட்டில் கூட்டம் ஒரு பெரிய மூச்சுபோல இருந்தது. மயூரா அந்த மனிதரை அருகில் அழைத்து, எம்பிக் குதிக்கும் அவசியம் இல்லாத உயரத்தில் இருந்த அவர் காதில் ஒரு சொல் சொன்னாள். அவர் திரும்பி அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். தலையசைத்தார். ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார்.

நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்து அவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும்.