குடிக்கப்பட்ட உப்புத் தண்ணீர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழன்ற திருகாணியை இறுக்குவது, கோணிய சட்டத்தைச் சூடுகாட்டி நிமிர்த்துவது, வருகிறவர்களின் இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சின்ன ஸ்கேலால் அளப்பது எல்லாம் அவள் வேலை. பார்வையைச் சோதிக்கும் உள்ளறையில் மட்டும் அவளுக்கு வேலை இல்லை. அதற்கு டிப்ளமா வேண்டும். டிப்ளமாவுக்கு அறிவியல் எடுத்துப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். கல்யாணத்துக்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், மகள் மேல்நிலை வகுப்புக்குப் போன வருஷம் தானும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள்.

முதல் செய்முறைப் பாடம் சவ்வூடு பரவல். உருளைக்கிழங்கைத் துண்டுகளாக வெட்டி, வெறும் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் போட்டு, நீளம் எவ்வளவு மாறுகிறது என்று வீட்டிலேயே பார்த்து அறிக்கை எழுதி வரவேண்டும்.

"அறிக்கையில 'நான்'ங்கிற வார்த்தையே வரக்கூடாது" என்றார் உயிரியல் மிஸ். அவளைவிடப் பத்து வயது சின்னவர். "துண்டு வெட்டப்பட்டது, நீர் ஊற்றப்பட்டது, அப்படித்தான் எழுதணும். என்ன நடந்ததுங்கிறதுதான் முக்கியம். யார் செஞ்சாங்கங்கிறது முக்கியமில்ல."

"எங்க வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கு மிஸ்" என்றாள் கண்ணாடியக்கா. "சமையல் ஆச்சு, துணி துவைச்சாச்சு. யாருன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார்.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. மகள் பள்ளிக்கும் கணவன் வேலைக்கும் போனபிறகு வீடு ஓய்ந்தது. கண்ணாடியக்கா உருளைக்கிழங்கை ஒரே நீளத்தில் மூன்று துண்டுகளாக நறுக்கினாள். கடை ஸ்கேலை வைத்து அளந்தாள். மூன்று கண்ணாடி டம்ளர்களில் அ, ஆ, இ என்று எழுதி ஒட்டினாள். அ-வில் வெறும் தண்ணீர். ஆ-வில் கொஞ்சம் உப்பு. இ-யில் கரையக் கரைய அள்ளிப் போட்ட உப்பு. டம்ளருக்கொரு துண்டாகப் போட்டு, சமையலறை ஜன்னலோரம் இருந்த மேசையில் வரிசையாக வைத்தாள்.

மதிய வெயில் டம்ளர்களுக்குள் இறங்கியது. சுவரில் மூன்று வெளிச்சத் திட்டுகள் நெளிந்தன. உப்பு கரைந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஏதோ இழைகள் சுழன்றன. துண்டுகள் அசையவில்லை. ஆனால் உள்ளே தண்ணீர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது என்று புத்தகம் சொல்லியிருந்தது. சத்தமில்லாமல், கதவு இல்லாமல். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். இமை கனத்தது.

கனவில் அவள் ஒரு பெரிய வீட்டுக்குள் இருந்தாள். எத்தனையோ அறைகள். சுவர்களெல்லாம் நனைந்த காகிதம் போல மெத்தென்று இருந்தன. வீட்டு மனுஷர் போல உரிமையாகத் தண்ணீர் சுவர் வழியாக உள்ளே வந்தது. எதையும் நனைக்கவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுந்து, அடுத்த அறைக்குப் போனது. அவளும் கூடவே போனாள். ஒவ்வொரு சுவரும் அவளைக் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே விட்டது. எங்கோ தூரத்து அறையில் யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார்கள். பிறகு யாரோ இருமினார்கள். குழாய் திறந்து மூடியது. அது எதுவும் தன்னைப் பற்றியதில்லை என்பது போல அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

விழித்தபோது வெயில் மேசையை விட்டு இறங்கியிருந்தது. மகள் வாலு பள்ளிப் பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பேருக்கேற்ற சேட்டையெல்லாம் எப்போதோ போய்விட்டது. பெயர் மட்டும் அவளிடம் ஒட்டிக்கொண்டது.

"பரிசோதனையா, தூக்கமாம்மா?"

"ரெண்டும்தான். இரு, அளந்து பாப்போம்."

அ துண்டு விறைத்து நீண்டிருந்தது. ஆ துண்டு கிட்டத்தட்ட வெட்டியபோது இருந்தபடியே இருந்தது. சுருங்கித் துவள வேண்டிய இ துண்டை எடுத்தாள். அதுவும் நீண்டு, கல் மாதிரி நின்றது. கண்ணாடியக்கா இன்னொரு முறை அளந்தாள். ஸ்கேலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள்.

"இது வளர்ந்திருக்கே!"

வாலு எட்டிப் பார்த்தாள். "ஏதாவது தப்பா இருக்கும். அதைக் கண்டுக்காதம்மா. சுருங்கிடுச்சுன்னு ஒரு நம்பர் போட்டுடு. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"சுருங்கலையே."

"சுருங்கணும்மா. புத்தகத்துல இருக்கு."

"உனக்குச் சுருங்குச்சா?"

"எங்க லேப்ல மேசைக்குப் பத்துப் பேர். நான் பின்னாடி நின்னேன். சார் போர்டுல அட்டவணை போட்டாரு. பார்த்து எழுதினேன். முழு மார்க்கு."

"துண்டைத் தொடவே இல்லையா?"

"இல்ல."

கண்ணாடியக்காவின் மனம் இ டம்ளரிலேயே கிடந்தது. உப்புக்கு ஒரு அளவைத் தாண்டினால் குணம் மாறிவிடுமோ? இந்தக் கிழங்குக்கு மட்டும் ஏதாவது பிடிவாதமோ? மேசையைத் துடைக்கும்போதும் விளக்கைப் போடும்போதும் அதையே நினைத்தாள். புத்தகத்தில் இல்லாத ஒன்று தன் ஜன்னலோரத்தில் நடந்திருக்கிறது என்ற எண்ணம், காய்ச்சலுக்கு முன் வரும் மெல்லிய சூடு போல உடம்பில் பரவியது. அது பொய்யாகிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

கட்டிடங்களுக்கு வர்ணமடிக்கும் அவள் கணவன் காதுமடலில் நீலப்புள்ளியோடு வந்து சாப்பிட உட்கார்ந்தான். முதல் வாய் போட்டதும் கேட்டான்:

"ஆமா, குடிக்கிற டம்ளர்ல கடலைக் கொண்டுவந்து வெச்சது யாரு?"

கண்ணாடியக்காவின் கை நின்றது.

"மதியம் பிரஷ் எடுக்க வந்தேன். நாக்கு வறண்டுபோச்சு. நீ அசந்து தூங்கிட்டிருந்த, எழுப்ப மனசு வரல. கைக்கு எட்டின டம்ளரை எடுத்து ஒரே மூச்சுல... அய்யோ! பாதி உள்ள, பாதி சிங்க்ல. வாயில வேற என்னமோ இடிச்சுது."

"உருளைக்கிழங்குப்பா!" வாலுவுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

"அதை மறுபடி உள்ள போட்டு, நல்ல தண்ணி புடிச்சு வெச்சுட்டேன். உனக்கு வேணுமோ என்னமோன்னு."

கண்ணாடியக்காவுக்கு முதலில் சப்பென்று போய்விட்டது. உலகத்துக்குப் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. தாகம் எடுத்த ஒரு மனுஷன் தண்ணீர் குடித்திருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் கனவில் கேட்ட அந்த மடக் மடக் ஞாபகம் வந்ததும் அவளும் சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

சனிக்கிழமை வாலு தானாகவே உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு வந்தாள். "நான் வெட்டறேம்மா" என்றாள். டம்ளர்கள் மேல் 'குடிக்காதே' என்று கொட்டை எழுத்தில் ஒட்டினாள். சாயங்காலம் இ துண்டைத் தாய் எடுத்து மகள் உள்ளங்கையில் வைத்தாள். அது ஈர ரப்பர் போலத் துவண்டது. வாலு அதை விரலைச் சுற்றி மோதிரமாக வளைத்தாள். உடையவில்லை. விட்டால் மெதுவாக, மனசில்லாமல் நிமிர்ந்தது. மறுபடி வளைத்தாள். அப்படியே ஜன்னலோரம் வெகுநேரம் நின்றாள்.

"இவ்வளவு மெத்துன்னு இருக்கும்னு எங்கயுமே எழுதலையேம்மா."

"நாம எழுதுவோம்."

நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, கண்டறிந்தவை, முடிவு என்று தலைப்புகள் போட்டு அறிக்கையை எழுதினார்கள். தாய் சொல்லச் சொல்ல மகள் திருத்தினாள். 'பார்த்தேன்' எல்லாம் 'காணப்பட்டது' ஆனது. முதல் முயற்சியை விட்டுவிடலாம் என்றாள் வாலு. கண்ணாடியக்கா கேட்கவில்லை. அதற்கும் ஒரு பத்தி: "முதல் முயற்சியில் இ டம்ளரிலிருந்த உப்புநீரில் ஒரு பகுதி, வீட்டிலிருந்த ஒருவரால் தவறுதலாகக் குடிக்கப்பட்டது. மீதி கொட்டப்பட்டு, குழாய்நீர் நிரப்பப்பட்டது. ஆகவே அத்துண்டு நீண்டது."

"ஒருவரால்னே இருக்கட்டும்" என்றான் வாசல்பக்கம் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த கணவன்.

ஞாயிறன்று மிஸ் அந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"குடிச்சது யாரு அக்கா?"

"அதை எழுதக்கூடாதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க."

மிஸ் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு அந்தப் பத்தியை மறுபடி, இந்த முறை சிரிக்காமல் படித்தார். "பலபேர் இதை மறைச்சிருப்பாங்க" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பாடம் இலைத்துளைகள் என்று கரும்பலகையில் எழுதினார்.

வகுப்பு விட்டதும் கண்ணாடியக்கா பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நிறுத்தத்தின் மேல் கவிந்திருந்த மரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நரம்புகள் தெரிந்தன. துளைகள் தெரியவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அவளுடைய பேருந்து வந்து, கதவைத் திறந்து கொஞ்சம் பார்த்துவிட்டு, கிளம்பிப் போனது.