மத்தியான நீச்சல்

ஒரு நாளை மக்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்று அரசாங்கம் வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கெடுப்பு அன்று காலைதான் இணையத்தில் வெளியாகியிருந்தது. மற்ற பத்திரிகைக்காரர்கள் சுருக்கத்தை அள்ளிக்கொண்டு ஓட, அந்த நிருபர் மட்டும் முழு அட்டவணையையும் இறக்கி மேய்ந்துகொண்டிருந்தாள். ஓரிடத்தில் கண் குத்திட்டு நின்றது. அவர்கள் மாவட்டத்தில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் விளையாட்டில் செலவிடும் நேரம், போன கணக்கெடுப்பைவிட இரண்டு மடங்காகியிருந்தது. அதுவும் மத்தியானத்தில்.

எங்கேயோ பிழை என்றார் ஆசிரியர். அவள் புள்ளியியல் அலுவலகத்துக்கு போன் போட்டாள். தன் குழந்தையைப் பற்றி யாரோ விசாரித்துவிட்டதுபோல் அங்கிருந்த அதிகாரி பூரித்துப்போனார். பிழையில்லை, மாவட்ட அளவில் என்று தாராளமாக எழுதலாம், அந்த அளவுக்கு ஆட்களைக் கேட்டிருக்கிறோம், ஒரு ஊர், ஒரு தெரு என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள் என்றார். ஏன் கூடியது என்பதை மட்டும் அவராலும் சொல்ல முடியவில்லை. "அதை நீங்கதாம்மா போய்ப் பார்க்கணும்."

போனாள். பூங்கா வெறிச்சோடிக் கிடந்தது. டென்னிஸ் மைதானத்தில் காவலாளியின் குறட்டை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நகராட்சி நீச்சல் குளத்தை நெருங்கும்போதே கூச்சல் காதைப் பிளந்தது. மத்தியானம் பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்று வைத்ததிலிருந்து மூச்சுவிட நேரமில்லை என்றாள் டிக்கெட் கொடுப்பவள். மாவட்டத்தின் மற்ற குளங்களிலும் இதே சலுகைதானாம். நிருபர் அங்கெல்லாம் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

குதிக்கும் பலகையின் நுனியில் ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒரு அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தையல் வகுப்புக்கென்று தினமும் வீட்டைவிட்டுக் கிளம்பும் அவளுடைய மாமியார்.

மருமகளைப் பார்த்ததும் குதித்துவிட்டார். கரையோரம் வந்து தலை நீட்டி, உன் மாமனாரிடம் சொன்னால் வழுக்கி விழுந்துவிடுவாய் என்று தடுப்பார், அதனால்தான் மறைத்தேன் என்றார். நிருபருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சுற்றியிருந்தவர்கள் ஆளாளுக்குப் பேட்டி கொடுக்க முண்டியடித்தார்கள். அவள் வளைத்து வளைத்து எழுதினாள்.

"என்னை ஏன் எதுவுமே கேக்கல?" என்றார் மாமியார்.

"சொந்தக்காரங்களைப் பேட்டி எடுக்கக் கூடாது அத்தை."

"அப்போ அந்தப் பேனாவை வச்சிட்டுத் தண்ணியில இறங்கு."

செய்தி மறுநாள் வந்தது. ஆனால் அன்று குளத்திலிருந்து அவள் அலுவலகத்துக்குத் திரும்பியபோது தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.