வெல்ல வாசனை

எங்கள் ஊரில் ஜூரிகள் தீர்ப்பை எழுதுவதில்லை, சமைப்பார்கள். விசாரணை முடிந்ததும் பன்னிரண்டு பேரும் கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சமையல்கட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார்கள். நிரபராதி என்றால் சர்க்கரைப் பொங்கல். குற்றவாளி என்றால் பாகற்காய் வறுவல். குற்றவாளி அதை எல்லோர் முன்னாலும் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால், அவர் அடுத்தவரிடமிருந்து எடுத்தது எதுவோ அது வெளியே வந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் பரமானந்தம் எடுத்தது வெள்ளியங்கிரியின் குரலை. வெள்ளியங்கிரி எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், தேங்காய் மண்டியில் ஏலம் கூவுகிறவன். இன்ஸ்பெக்டர் காசு கொடுக்காமல் ஜீப்பில் ஏற்றிய மூட்டைக்கும் பழக்கதோஷத்தில் விலை கூவிவிட்டான். விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது முதுகெல்லாம் தடிப்பு, வாயில் குரல் இல்லை. ராத்திரியெல்லாம் கத்தி அவனே அதைத் தீர்த்துவிட்டான் என்று இன்ஸ்பெக்டர் கோர்ட்டில் சொன்னார்.

தீர்ப்பு நாளன்று சமையல்கட்டுக்கு வெளியே ஊரே மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அன்றைக்குப் பார்த்து எனக்கு ஜலதோஷம். பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்காமலும் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

முதலில் கடுகு வெடித்தது. கைதட்டல் வானைப் பிளந்தது. பொங்கலுக்கு யார் கடுகு தாளிப்பார்கள்? அது ஜூரிகளின் மதியச் சாப்பாட்டுக்கான ரசம் என்றார் இன்ஸ்பெக்டரின் வக்கீல். கைதட்டல் அடங்கியது. டிவிக்காரர்கள் கல்யாணச் சமையல்காரர்கள் நான்கு பேரைப் பந்தலில் உட்காரவைத்து, கரண்டிச் சத்தத்தை வைத்து விவாதம் நடத்தினார்கள். கிளறுவது வாணலியா உருளியா என்பதில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே ஜூரிகளுக்குள் உப்பு விஷயத்தில் ஒற்றுமை இல்லை என்று ஒரு செய்தி வந்தது. யார் கொண்டுவந்தது என்று தெரியவில்லை, ஆனாலும் நானும் நாலு பேரிடம் சொன்னேன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்போதுதான் வெல்ல வாசனை வந்தது.

கூட்டம் அப்படியே உறைந்தது. மறுநிமிடம் இன்ஸ்பெக்டரின் மச்சினன் பத்தாயிரம்வாலாவுக்குத் திரி கொளுத்தினான். லட்டுக் கூடைகள் திறந்தன. மாலைக்கு ஆட்கள் ஓடினார்கள். வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டான்.

அவனுடைய அம்மா மயிலாத்தாள் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் கண்ணு, வெல்லம் போடாம பாவக்காய எந்த ஊட்டுல வறுக்கறாங்க?"

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இல்லை. இது கூட்டத்தில் பரவியதும் லட்டைக் கடித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். இனி நெய்தான் கணக்கு. நெய் மணந்தால் பொங்கல், மணக்காவிட்டால் பாகற்காய். நெய் மணந்தது. ஆனால் அது லட்டின் நெய்யா, உள்ளே உருகும் நெய்யா என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. மச்சினனை எல்லோரும் திட்டினார்கள். இன்ஸ்பெக்டரே திட்டினார்.

கதவு திறந்தது. வியர்த்துக் கொட்டிக்கொண்டு ஜூரிகள் பன்னிரண்டு பேரும் ஒரு பாத்திரத்தைத் தூக்கிவந்தார்கள். நீதிபதி மூடியை எடுத்தார். பாகற்காய், வெல்லம் பூசிக் கருகருவென்று. நான் யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்தேன். பிறகு பார்த்தால் அவர் இன்ஸ்பெக்டர் தரப்புச் சாட்சி.

இன்ஸ்பெக்டருக்கு இலை போட்டார்கள். மூன்றாவது வாயில் அவருக்கு விக்கல் எடுத்தது. மயிலாத்தாள் மகனைப் பார்த்துக் கேட்டாள்.

"பசிக்குதா சாமி?"

வெள்ளியங்கிரியின் உதடு அசைந்தது.

"பசிக்குதுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், வெள்ளியங்கிரியின் குரலில்.

வெளியே வந்த குரல் அவர் வாயைத் தாண்டவில்லை. பாத்திரத்தை வழித்துப் போட்டும் தாண்டவில்லை. சட்டத்தில் இதற்கும் வழி இருந்தது. குரல் யாருடையதோ அவர் வீட்டில் அது இருக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். மயிலாத்தாள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். எங்கள் வீட்டில் வந்து ஒரு பாய் கேட்டாள். நானே எடுத்துக்கொண்டு போனேன்.

வெள்ளியங்கிரி குப்புறப் படுத்திருந்தான். இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கச் சுவரோரம் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். மயிலாத்தாள் விளக்கெண்ணெயைச் சூடாக்கி, மகனின் முதுகில் ஆறாமல் கிடந்த தடிப்புகளின் மேல் கையை வைத்தாள்.

"மெதுவாத் தேயுங்கம்மா, எரியுது" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் மெதுவாகத் தேய்த்தாள்.