கூவத்தில் நின்றுபோன மோட்டார்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். ஐப்பசி அடைமழையில் ஏரிகள் உடைத்துக்கொள்ள, கூவம் கரைபுரண்டு திருவேற்காட்டு வயல்களை விழுங்கிவிட்டது. தீவாகிப்போன ஒரு மேட்டில் சில குடும்பங்கள் சிக்கிக்கொண்டன. அவர்களை அழைத்துவரப் பூந்தமல்லியிலிருந்து டேவிட் படகோடு வந்து சேர்ந்தான்.

டேவிட் பஸ் ஷெட்டில் இஞ்சின் பழுது பார்க்கும் பிட்டர். சீமைக்குத் திரும்பிவிட்ட ஒரு துரை செம்பரம்பாக்கம் ஏரியில் வாத்து சுடப் போய்வந்த படகு அது. அதன் பின்பக்கம் மாட்டிய மோட்டாரும் அந்தக் காலத்துச் சரக்கு. ஞாயிறுதோறும் பிளக்கைச் சுரண்டி, கிரீஸ் வைத்து அதை உயிரோடு வைத்திருந்தவன் டேவிட். நல்ல நாளிலேயே கயிற்றைச் சுற்றி நாலு முறை இழுத்தால்தான் அது முனகும்.

முதல் நடைக்குத் திருவேங்கடமும் அவன் மனைவி கன்னியம்மாளும் இரண்டு குழந்தைகளும் ஏறினார்கள். அவள் கையில் ஒரு மூட்டை, மடியில் கூழ்க் குண்டான். பாதி ஆறு தாண்டியதும் மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. வெள்ளம் படகைத் திருப்பி இழுத்தது. தண்ணீரில் முக்கால்வாசி முழுகி நின்ற பனைமரத்தைத் திருவேங்கடம் எட்டிப் பிடித்துப் படகை அதில் கட்டினான்.

டேவிட் பிளக்கைக் கழற்றித் துடைத்து, மோட்டார் உடம்பில் ஒட்டிவைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தான். பொறி நன்றாகவே வந்தது. அப்படியானால் கோளாறு பெட்ரோலில்தான். கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தான். அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. டாங்கி மூடியின் காற்றுத் துளை வழியாக மழை இறங்கியிருந்தது.

ரேஷன் பெட்ரோல், வேறு சொட்டுக் கிடையாது. அகலமான பாத்திரத்தில் ஊற்றினால் தண்ணீர் அடியில் தங்கிவிடும், மேலே இருப்பதை உலர்ந்த துணியில் வடிகட்டிக்கொள்ளலாம் என்று டேவிட் தயங்கியபடி சொன்னான். குண்டானைக் காலிசெய்யக் கன்னியம்மாள் கூழைக் குழந்தைகளுக்கு ஊட்டினாள். மிச்சத்தைத் தன் புருஷனுக்குக் கொடுக்காமல் டேவிட்டிடம் நீட்டினாள்.

"நீ குடி அண்ணே. கயிறு இழுக்கிற கை."

அவன் குடித்தான். விடிந்ததிலிருந்து அவன் வயிற்றில் விழுந்தது அதுதான்.

பிறகு அவள் மூட்டையை அவிழ்த்தாள். பாய்க்குள் சுருட்டிவைத்திருந்த கூறைப்புடவை ஒன்றுதான் நனையாமல் இருந்தது. டேவிட் கையை நீட்டவில்லை.

"இத்தக் கட்டிகினு நான் எங்க போவப் போறேன்? புள்ளைங்க கரையேறட்டும்," என்றாள்.

குண்டானைக் கழுவிப் புடவையின் ஒரு முனையால் துடைத்தார்கள். அதில் ஊற்றிய பெட்ரோல் தெளிந்ததும், மறுமுனையை நாலாக மடித்து டாங்கிக்குள் வடிகட்டினார்கள். மூடியின் துளைமேல் மழை படாமல் பனையோலைத் துண்டு ஒன்றைக் கவிழ்த்துக் கட்டினான் டேவிட். கயிற்றைச் சுற்றி இழுத்தான். முதல் இழுப்பிலேயே மோட்டார் பிடித்துக்கொண்டது. திருவேங்கடம் சிரித்தேவிட்டான்.

கரையில் இறங்கியதும் அவன் டேவிட்டைக் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட வேண்டியது தான்தான் என்று டேவிட்டுக்குத் தோன்றியது. மஞ்சளில் எண்ணெய்க் கறை படிந்த புடவையை மடித்துக் கன்னியம்மாளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அங்க இன்னும் ஜனம் கீது. வழில நின்னுப்புட்டா இன்னா செய்வ? வெச்சிக்க."

குண்டானையும் படகிலேயே விட்டுப் போனாள்.

இருட்டுவதற்குள் மேட்டிலிருந்த அத்தனை பேரும் கரை சேர்ந்தார்கள். நடுவில் இன்னொரு தடவையும் பெட்ரோலை வடிகட்ட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு, சர்ச்சில், ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லப் போதகர் டேவிட்டைக் கூப்பிட்டார். எல்லாரும் மோட்டார் கதையைக் கேட்கக் காத்திருந்தார்கள். அவன் எழுந்து, "திருவேற்காட்டுல கன்னியம்மாள்னு ஒரு அம்மா கீறாங்க. அவங்களுக்காக ஸ்தோத்திரம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.