வாளிதான் விழுந்தது

...தாழ்ப்பாள் போடும் சத்தம், போடாதீர்கள் என்று எத்தனை சொன்னாலும் அப்பா போடத்தான் போடுவார், நான் கணினித் திரையைப் பார்த்து 'ஃபால் அஸ்லீப்' என்கிறேன், தூங்கிப்போவது, இதில் யாரும் விழுவதில்லை என்கிறேன், காது மட்டும் குளியலறைக் கதவில் ஒட்டிக்கிடக்கிறது. 'ஃபால் சிக்', நோய்வாய்ப்படுவது. 'ஃபால் பிஹைண்ட்', பின்தங்குவது. மாலை ஆன்லைன் வகுப்பில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், டாக்ஸி ஓட்டுபவர் கேட்கிறார், "என்ன மிஸ், இங்கிலீஷ்காரன் இருந்த இடத்துல நிக்கவே மாட்டானா?" சிரிப்பு, நானும் சிரிக்கிறேன், தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது... ஏன் நின்றது? வாளி நிறைந்திருக்கும். போன மாதம் அப்பா மாடிப்படியில் விழுந்தபோது அண்ணன் போனில் சொன்னது, இன்னொரு தடவை விழுந்தா யோசிக்க ஒண்ணுமில்ல, முதியோர் இல்லத்துல சேர்த்துடுவோம், உன்னால தனியா முடியாது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா சோஃபாவில் கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார், வெட்டுவதை நிறுத்தவில்லை. கேட்டிருக்குமா? கேட்காமலா. அதற்குப் பிறகுதான் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார், என் முன்னால் மட்டும். 'ஃபால் பேக் ஆன்', வேறு வழியில்லாதபோது ஒருவரை நம்பிச் சாய்வது, எழுதிக்கொள்ளுங்கள், நம்பிச் சாய ஓர் ஆள்... தொம்.

ஓடுகிறேன், கதவைத் தட்டுகிறேன், "அப்பா! என்னப்பா சத்தம்?" உள்ளே மூச்சு வாங்குகிறது. "ஒண்ணுமில்லம்மா. வாளிதான் விழுந்துச்சு. நீ போய் கிளாஸப் பாரு." தாழ்ப்பாள் திறக்க இவ்வளவு நேரமா... துண்டோடு நிற்கிறார், ஒரு முழங்கையை மறுகையால் மூடிக்கொண்டு. அவர் தோளுக்கு மேலே பார்க்கிறேன், குழாயடியில் வாளி, விளிம்புவரை தண்ணீர், ஓர் அலைகூட இல்லை, தரை காய்ந்தே கிடக்கிறது. என் கண் போன இடத்துக்கு அவர் கண்ணும் போகிறது. "புது வாளி வாங்கணும்," என்கிறார், "இது சரியா நிக்க மாட்டேங்குது." வாங்கிடலாம்ப்பா என்கிறேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தால் டாக்ஸிக்காரர், "மிஸ், ஏதோ விழுந்த மாதிரி கேட்டுச்சே?" வாளி என்கிறேன். எங்கே விட்டோம், 'ஃபால் பேக் ஆன்'... கூடத்தில் அப்பா நடக்கிறார், ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிடுவான், வலிக்கிறதா என்றாவது கேட்டிருக்கலாம், கேட்டால் விழுந்தார் என்று ஆகிவிடும், ஆகாமல் இருப்பது யாருக்கு நல்லது... வாளி என்று சொன்னபோது என் குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.